லண்டனைக் குறை சொல்லும் உரிமை

வாமதேவன் லண்டனுக்கு வந்த நாளிலிருந்து லண்டனைத் திட்டிக்கொண்டிருந்தார். அதற்கென்று அவர் தனியாக நேரம் ஒதுக்கியதில்லை. முகம் கழுவும்போது, பஸ்சுக்கு நிற்கும்போது, பாண் ரொட்டி வெட்டும்போது என்று மற்ற வேலைகளோடு சேர்த்து அதையும் பார்த்துக்கொள்வார்.

அதற்கு முன் ஜேர்மனியில், ஹாகன் என்ற ஊரில் நெடுங்காலம் இருந்தவர். ஜேர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் மனைவி தயாளினி, "பிள்ளை இங்கிலிசில படிக்கட்டும். என்ர அக்கா குடும்பமும் லண்டன் ஹரோவில இருக்கினம்" என்று பிடிவாதம் பிடித்தாள். மகள் பிரியந்திக்கு அப்போது நான்கு வயது. கோலியர்ஸ் வுட்டில் ஒரு சின்ன வீட்டில் குடியேறினார்கள். "கொஞ்ச நாளைக்கு இருந்து பார்ப்பம்" என்று சொல்லித்தான் வாமதேவன் வந்தார். இப்போது பிரியந்தி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டைல்ஸ் பதிப்பது அவருடைய தொழில். ஆகையால் அவருடைய குறைகள் சுவரிலிருந்து தொடங்கும். "இந்த நாட்டில நேரான சுவர் ஒண்டு கிடையாது." பிறகு குளியலறைக்குப் போகும். ஒரே பேசினில் சுடுதண்ணீருக்கு ஒரு பைப், பச்சைத்தண்ணீருக்கு ஒரு பைப். "ஒரு கையை அவிச்சு, மற்றக் கையை விறைக்க வைக்கிற விசர் வேலை." அடுத்தது குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற உடுப்புத் தோய்க்கும் மெசின். அடுத்தது வெளிப்பக்கமாகத் திறக்கிற யன்னல். பிறகு பஞ்சு மாதிரிப் பாண். கடைசியில், "ஜேர்மனியில எண்டால்…" என்று ஒரு பெருமூச்சு. அந்த வசனத்தை அவர் ஒருநாளும் முடித்ததில்லை. முடிக்காமலே வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் குறைகளுக்கு ஒரு நல்ல காது கிடைக்கும். ஹாகனில் அகதி விடுதியில் ஒரே அறையில் அவரோடு கிடந்த சண்முகராசா, அங்கேயே தங்கிவிட்டவர். வாமதேவன் போனில் கூப்பிட்டு அந்த வாரம் லண்டன் தனக்குச் செய்த கொடுமைகளையெல்லாம் சொல்லுவார். சண்முகராசா "ஓமோ?", "அப்பிடியே?" என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இந்த வருடம் வசந்தகாலத்தில் அந்தச் சண்முகராசா தூரத்து உறவில் ஒரு கலியாணத்துக்காக முதல் தடவையாக லண்டனுக்கு வந்தார். தங்கியது வாமதேவன் வீட்டில்.

வந்திறங்கி முகம் கழுவப் போனவர் துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"மச்சான், உண்மைதான்ரா. ஒரு கை அவியுது, ஒரு கை விறைக்குது. என்ன விசர் நாடு இது!"

வாமதேவன் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பதின்மூன்று வருடமாகச் சொல்லிவந்த உண்மைக்கு வெளிநாட்டிலிருந்தே ஒரு சாட்சி வந்திருக்கிறது. ஆனால் அவருக்கு நெஞ்சுக்குள் எங்கேயோ சுருக்கென்றது.

"அது சும்மா செய்த வேலை இல்லையடாப்பா," என்றார். "முந்தி இஞ்ச சுடுதண்ணி மேல தாங்கியில நிண்டு வாறது. அதைக் குடிக்க ஏலாது. நல்ல தண்ணியோட கலந்துபோகக் கூடாது எண்டு தான் பிரிச்சு வைச்சவை. யோசிச்சுச் செய்தவை."

தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த தயாளினியின் கை நின்றது. இந்த விளக்கத்தை அவர் எந்தக் காலத்தில் படித்தார் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்கே தெரியாது.

இரவுச் சாப்பாட்டில் சண்முகராசா குசினியை ஒரு சுற்றுப் பார்த்தார். "மெசினைக் கொண்டந்து அடுப்புக்குப் பக்கத்தில வைச்சிருக்கிறாங்கள். ஒரு பக்கம் ஊத்தை உடுப்பு, ஒரு பக்கம் கறி."

"ஏன், நல்லது தானே?" என்றார் வாமதேவன். "கறியைக் கிண்டிக்கொண்டே உடுப்பையும் தோய்க்கலாம். தயாளினிக்குப் பெரிய லேசு."

"எனக்கு லேசு எண்டு ஆர் சொன்னது?" என்றாள் தயாளினி.

"நீ சும்மா இரு."

சண்முகராசா யன்னலைக் காட்டினார். வாமதேவன் காற்றோட்டத்தைப் பற்றிப் பேசினார். சண்முகராசா பாணை அமத்திக் காட்டினார். பல்லில்லாதவர்களும் சாப்பிடக்கூடிய பாண் என்றார் வாமதேவன். பிரியந்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தகப்பனை உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, ஆர் யூ ஓகே?"

வாமதேவன் அன்று படுக்கையில் புரண்டுகொண்டிருந்தார். தன்னுடைய வாயிலிருந்து வந்தவற்றை நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது. அந்த இரட்டைப் பைப்பை மாற்ற வேண்டும் என்று வருடா வருடம் சொல்லிவந்தவர் அவர். குளியலறை வேலை அவருடைய கைவேலை, மாற்றுவதற்கு ஒரு பின்னேரம் போதும். ஊரார் வீட்டுப் பைப்பெல்லாம் மாற்றிக் கொடுத்தவர் தன் வீட்டில் மட்டும் கைவைக்கவில்லை. மாற்றியிருந்தால் காலையில் எதைத் திட்டுவது?

அடுத்த நாள் இரண்டு நண்பர்களும் ஆர்ச்வேயில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போனார்கள். கோலியர்ஸ் வுட்டில் ஏறினால் மாறாமல் நேரே போய் இறங்கலாம் என்பதை வாமதேவன் தன் சொந்தச் சாதனை போலச் சொன்னார். ஸ்டேஷனை விட்டு வெளியே வர மழை. மேட்டில் ஏறத் தொடங்கினார்கள்.

"லண்டன் மழை எண்டு நீ சொன்னது சரிதான்," என்று சண்முகராசா ஜாக்கெட் தொப்பியை இழுத்து மூடினார். "எலும்புக்குள்ள இறங்குது."

"இது மழையே? இது தூறல். இதுக்குத் தொப்பி போடுறவன் லண்டன்காரனே இல்லை."

லண்டன்காரன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் வாமதேவனுக்குக் கேட்டது. அவர் அதை விழுங்கிவிடலாம் என்று பார்த்தார். ஆனால் சண்முகராசா விடவில்லை. மேட்டோரம் இருந்த பழைய வீட்டு மதிலைக் கையால் தட்டி, "இஞ்ச பார், ஒரு சுவராவது நேரா நிக்குதே?" என்றார்.

வாமதேவனுக்குப் பொறுக்கவில்லை. மற்றதையெல்லாம் சொல்லலாம், சுவரைச் சொல்லக்கூடாது. அந்தக் கோணல் சுவர்களில் நேராக டைல்ஸ் பதித்துத்தான் அவர் இத்தனை வருடமும் சீவித்தார்.

"டேய், வந்ததில இருந்து பாக்கிறன், ஒரே குறை! பைப் சரியில்லை, பாண் சரியில்லை, சுவர் சரியில்லை. இந்தச் சுவர் நூறு வருசமா நிக்குது. பிடிக்கேல்லை எண்டால் ஏன் வந்தனீ? எங்கட இடத்துக்கு வந்து எங்களையே…"

குரல் உயர்ந்துவிட்டது. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி தெருவின் மற்றப் பக்கத்துக்கு மாறிப் போனாள்.

சண்முகராசா நடுமேட்டில் நின்றுவிட்டார். அவருடைய முகத்தில் கோபமில்லை. ஒரே குழப்பம்.

"மச்சான்," என்றார் மெதுவாக, "இதெல்லாம் நீ சொன்னது தானே?"

"என்ன?"

"பைப், பாண், சுவர் எல்லாம் நீ சொன்னது. எனக்கு இஞ்ச ஒரு குறையும் தெரியேல்லை. நேற்று அந்தப் பாணில ஏழெட்டுத் துண்டு சாப்பிட்டனான். நீ இந்த இடத்தில கிடந்து கஷ்டப்படுறாய், நான் வந்து 'நல்லா இருக்கு' எண்டு சொன்னால் உன்ர மனம் நோகும் எண்டு தான் நானும் சேர்ந்து சொன்னனான்."

மழை வாமதேவனுடைய கழுத்துக்குள் இறங்கியது. அது தூறல்தான் என்று அவர் இப்போது சொல்லவில்லை.

இருவரும் மேட்டில் தொடர்ந்து ஏறினார்கள். பிறகு சண்முகராசாவே தொடங்கினார்.

"நாங்களும் வர இருந்தனாங்கள், தெரியுமே? உங்களுக்குப் பின்னால, ரண்டு மூண்டு வருசத்தில. என்ர மனுசி சிவனேஸ்வரி பள்ளிக்கூடமெல்லாம் விசாரிச்சு வைச்சவள். பிறகு நீ ஒவ்வொரு ஞாயிறும் எடுத்துச் சொல்லச் சொல்ல, எனக்குப் பயம் பிடிச்சிட்டுது. அவன்ர நிலைமையே இப்பிடி எண்டால் நாங்கள் போய் என்ன செய்யிறது எண்டு விட்டிட்டன். இப்ப எண்டால் பிரெக்ஸிற்றோட, ஜேர்மன் பாஸ்போர்ட்டில வந்து குடியிருக்கிற அந்த வழியும் அடைச்சுப்போச்சு."

"நீ எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே!"

"நீ எங்க என்னைச் சொல்ல விட்டனீ?"

வாமதேவனுக்குக் கோயிலுக்குள் கும்பிடவே முடியவில்லை. முருகனுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அங்கே அவருக்குத் தெரிந்ததெல்லாம் தன்னுடைய வாய்தான். பொழுதுபோகாமல் முனகிய முனகல் ஒரு குடும்பத்தின் ஊரையே மாற்றியிருக்கிறது. தான் சொல்வதை உலகத்தில் யாருமே நம்புவதில்லை என்ற துணிவில்தான் அவர் இவ்வளவு காலமும் பேசிவந்தார். வீட்டில் ஒருவரும் நம்பியதில்லை. நம்புவதற்கென்று ஹாகனில் ஒருவன் இருந்திருக்கிறான்.

வெளியே வந்து சப்பாத்துப் போடும்போது, "உனக்கு என்னோட கோவமில்லையே?" என்று கேட்டார்.

"வந்து இடத்தைப் பார்த்த உடன இருந்தது," என்றார் சண்முகராசா. "நேற்று நீ அந்தப் பைப்புக்கு வக்காலத்து வாங்கேக்க சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சாப் பிறகு எங்க கோவப்படுறது?"

மிச்ச நாட்கள் வாமதேவனுக்குப் பெரும் சங்கடம். லண்டனைத் திட்டினால் அது பொய். புகழ்ந்தால், வர முடியாதவனுக்கு முன்னால் இலை போட்டுச் சாப்பிடுவது போல ஆகிவிடும். ஆகவே இருவரும் முழங்கால் நோவைப் பற்றியும் கொழுப்புக்குப் போடும் குளிசையைப் பற்றியும் பேசினார்கள். அதில் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசமில்லை. கலியாணத்தில் சண்முகராசா மூன்றாம் பந்தி வரைக்கும் ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். லண்டனில் இத்தனை தமிழர் இருக்கிறார்கள் என்று தனக்கு ஒருவரும் சொல்லவில்லையே என்று ஒருமுறை மட்டும் சொன்னார். வாமதேவன் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானநிலையத்தில் கட்டிப்பிடித்து விடைபெறும்போது, "சிவனேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு கோடைக்கு வா. மூண்டு கிழமை நில்லுங்கோ" என்றார் வாமதேவன்.

"பாப்பம். நல்ல இடமெண்டு சொல்லுறாய், என்ன?"

"ஓம்," என்றார் வாமதேவன். அந்த ஒரு சொல்லை வெளியே எடுக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அதற்குப் பிறகு வீட்டில் அமைதி. காலையில் முகம் கழுவிவிட்டுப் பேசாமல் வந்தார். பாணைப் பேசாமல் சாப்பிட்டார். பஸ் வரப் பிந்திய கதையை வந்து சொல்லவில்லை. பிரியந்தி வேண்டுமென்றே, "அப்பா, ஹீட்டிங் வேலை செய்யேல்லை" என்று ஒரு தூண்டில் போட்டுப் பார்த்தாள். "ஆக்களைக் கூப்பிடுவம்" என்று மட்டும் சொன்னார்.

தயாளினிக்குப் பயம் பிடித்துவிட்டது. அலுமாரியிலிருந்து இரத்தத்தில் சீனி பார்க்கிற மெசினை எடுத்துக்கொண்டு வந்து கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள்.

"விரலை நீட்டுங்கோ."

"ஏன்?"

"நாலு நாளா நீங்கள் ஒண்டையும் குறை சொல்லேல்லை. இது நல்லதுக்கில்லை."

வாமதேவன் விரலை நீட்டினார். அவள் குத்திப் பார்த்தாள். சீனி உண்மையிலேயே கொஞ்சம் கூடித்தான் இருந்தது. அன்று பின்னேரம் அவருக்கு முன்னால் வந்த தேத்தண்ணீரில் சீனி இல்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தூரத் தள்ளி வைத்தார்.

"இதை மனுசர் குடிப்பினமே?" என்று தொடங்கினார்.

தயாளினி கதிரையை இழுத்துப்போட்டு, நிம்மதியாக உட்கார்ந்து கேட்டாள்.