சந்தனப் பொட்டு வைத்த அடப்டர்

யாழ்ப்பாணத்தில் செய்ய முடியாத வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மயிலிட்டி மீனவர் சங்கத்துக்கு வந்த டப்லெட்டுகளைப் பற்றிக் கொழும்புக் கம்பனிக்காரர் அப்படித்தான் சொன்னார். எல்லாவற்றிலும் புதிதாக இயங்குதளம் ஏற்ற வேண்டுமாம், அதற்கு ஆள் கொழும்பில்தான் உண்டாம், அள்ளிக்கொண்டு போக வான் வண்டி அனுப்புகிறார்களாம். நெல்லியடியில் சின்னதாய் ஒரு கணினி நிலையம் வைத்திருக்கும் நான், "வான் தேவையில்லை ஐயா, நாங்கள் செய்வம்" என்று சங்கத் தலைவர் கந்தப்பு ஐயாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். பின்னேரத்துக்குள் முடிக்காவிட்டால் வான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விடும். பிறகு இந்தக் கரையில் எங்களை நம்பி யார் வேலை தருவார்கள்?

சொல்வதற்கு லேசான வேலைதான். சங்கக் கட்டடத்துக்கு நாங்கள் கொண்டுபோன சேர்வரில் இயங்குதளம் இருக்கிறது. டப்லெட்டில் நெட்வேர்க் வயர் செருக இடம் இல்லாதபடியால், விரல் நீள அடப்டர் ஒன்றை மாட்டி அதில் வயரைச் செருக வேண்டும். இயக்கினால் டப்லெட் சேர்வரைக் கூப்பிடும், சேர்வர் தேவையானதை அனுப்பி வைக்கும்.

என்னோடு வேலை செய்யும் ஜெயதீபன் அண்ணை நல்ல நேரம் பார்க்காமல் எதையும் தொடமாட்டார். கடலுக்குப் போகிறவர்களும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும்! பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, முதல் அடப்டருக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். முதல் டப்லெட் ஒரு சிணுக்கமும் இல்லாமல் ஏறி முடிந்தது.

"ராசியான சாமான். இனி உந்த அடப்டரை மாத்தப்படாது," என்றார் கந்தப்பு ஐயா.

"ஓம் ஐயா, உதாலையே எல்லாத்தையும் முடிப்பம்," என்றார் ஜெயதீபன் அண்ணை.

இரண்டாவது டப்லெட் சேர்வரைக் கூப்பிட்டது. பதில் இல்லை, கறுப்புத் திரைதான். மூன்றாவதும் அப்படியே. வயரை மாற்றினோம். சேர்வரை நிறுத்தித் திரும்பவும் இயக்கினோம். ஜன்னலோரம் நின்று பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கதைப்பதை நிறுத்தினார்கள். வான் வவுனியாவைத் தாண்டிவிட்டதாகக் கொழும்பில் இருந்து போன் வந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மாற்றிப் பார்க்காதது ஒன்றே ஒன்றுதான். பொட்டு வைத்த அடப்டரைப் பிடுங்கினேன்.

"நிவேதனா, அதைத் தொடாதை! அதொண்டுதான் வேலை செய்தது."

"அது காலமை, அண்ணை."

பையில் இருந்து வேறொன்றை எடுத்து மாட்டினேன். இரண்டாவது டப்லெட் ஏறத் தொடங்கியது. அது முடிந்ததும் அதே அடப்டரை மூன்றாவதில் மாட்டினேன். பழையபடி கறுப்புத் திரை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நோய் பிடிபட்டுவிட்டது.

"என்ன பிள்ளை சிரிக்கிறீர்?" என்றார் கந்தப்பு ஐயா.

"ஐயா, சங்கத்திலை மண்ணெண்ணெய் குடுக்கேக்கை படகு நம்பரைத்தானே பாக்கிறியள்? ஒரே நம்பரோடை திரும்பவும் ஒராள் வந்தால்?"

"உனக்கு அப்பவே குடுத்தாச்சு, போ எண்டுவம்."

"சேர்வரும் உதைத்தான் சொல்லுது. அடப்டருக்கு ஒரு நம்பர் இருக்கு. அதைப் பாத்திட்டு, முடிஞ்ச டப்லெட்தான் திரும்பி வந்திருக்கு எண்டு நினைக்குது."

ஜெயதீபன் அண்ணை தலையில் கை வைத்தார். "அப்ப டப்லெட் ஒவ்வொண்டுக்கும் ஒரு அடப்டர் வேணுமே! எங்களிட்டை இருக்கிறது அஞ்சாறுதானே."

"வேண்டாம் அண்ணை. டப்லெட்டுக்கும் சொந்த நம்பர் இருக்கு. அடப்டரை விட்டிட்டு அதைப் பார் எண்டு சேர்வருக்குச் சொன்னால் சரி."

எங்கள் அடப்டர்களின் நம்பர்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சேர்வரில் பதிந்தேன். பிறகு பையில் இருந்த அத்தனையையும் ஒரே நேரத்தில் மாட்டினோம். பொட்டு வைத்ததையும்தான், அதோடு எனக்கென்ன பகை? எல்லாத் திரைகளும் ஒன்றாக வெளிச்சம் போட்டபோது ஜன்னலோரம் எழுந்த சத்தம் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

வான் வந்து நின்றபோது கடைசி டப்லெட் ஏறிக்கொண்டிருந்தது. மற்றவற்றில் எல்லாம் சங்கத்தின் பெயர் தமிழில் பளிச்சென்று இருந்தது. வானில் வந்த பொறியியலாளர் அடப்டர்களைப் பார்த்துவிட்டு, இந்த ஐந்தாறை மட்டும் வைத்துக்கொண்டு இத்தனை டப்லெட்டுகளை எப்படி முடித்தீர்கள் என்று கேட்டார்.

"சொல்லித் தாறன். முதல்லை தேத்தண்ணியைக் குடியுங்கோ," என்றேன். பெருமையாக இருந்தது. அதை மறைக்க நான் ஒன்றும் பாடுபடவில்லை.

சாமான்களைக் கட்டும்போது கந்தப்பு ஐயா பக்கத்தில் வந்தார். "பிள்ளை, வாற வெள்ளிக்கிழமை என்ரை புதுப் படகைக் கடல்லை இறக்கிறம். தள்ளேக்கை முதல் கை நீர்தான் வைக்கோணும்."

புதுப் படகில் முதலில் படுவது ராசியான கையாக இருக்கவேண்டும் என்பதால், அந்தக் கரையில் முதல் கையைச் சும்மா யாருக்கும் கொடுக்கமாட்டார்கள்.

"ஐயா, உது கைராசி இல்லை. நம்பர் விசயம்."

"அது எனக்கும் விளங்கினது," என்றார். "எல்லாரும் வாயடைச்சுப் போய் நிக்க, நீர் விடேல்லை. அந்தக் கையைத்தான் கேக்கிறன்."

கட்டிக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"வாறன் ஐயா," என்றேன். "நல்ல நேரத்தை நீங்களே பாருங்கோ."