காய்ச்சல் விட்ட மத்தியானம்

போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் ஜீப்பில் இறங்கி வருகிறவர்களுக்கு ஆஸ்பத்திரி பெஞ்சில் கொஞ்ச நேரம் கிறக்கம் இருக்கும். கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, தெளிந்ததும் எழுந்து டீ குடிக்கப் போவார்கள். அதனால் சந்திரவல்லி வார்டுக் கட்டிலில் போர்வைக்குள் சுருண்டு கிடந்ததை நர்ஸ் ஷாரோன் பெரிதாக நினைக்கவில்லை.

"ஏலக்காட்டுல வேலை செய்யயில காச்சலு, சிஸ்டர். இன்னைக்கு ஒடம்பு குளுந்துருச்சு, விட்டுருச்சு போல. மாத்திரை குடுத்தா கெளம்பிருவோம்" என்றான் அவள் புருஷன் சுருளிவேல்.

தெர்மாமீட்டரும் காய்ச்சல் இல்லை என்றுதான் காட்டியது.

சந்திரவல்லி சிரித்தாள். "ஆத்தா, சன்னலைச் சாத்து. மேகம் உள்ள வருது. பாரு, உன் தோள்ல ஒக்காந்திருக்கு."

வெளியே வெயில் கொளுத்தியது. ஆனாலும் ஷாரோன் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். யாராவது தன்னைப் பார்த்து இப்படி ஒன்றைச் சொல்லி எத்தனை காலமாயிற்று! மேகம் சத்தமில்லாமல் நடக்கும் என்றாள் சந்திரவல்லி. ஏலப்பூ கைக்குழந்தையின் நாக்கு மாதிரி இருக்கும் என்றாள். கேட்கக் கேட்க ஷாரோனுக்குள் ஏதோ இளகியது. வார்டு மங்கி, ஈரச் செடிகளின் நிழல் சுவரில் அசைவது போலிருந்தது. இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"வீட்லயும் இப்படித்தான் அழகாப் பேசுவாங்களாண்ணே?"

"இவளா? வாயத் தொறந்தா வசவுதான். இன்னைக்குத்தான் பூவா உதுருது. எனக்கே பயமாருக்கு" என்று அவன் சிரித்தான்.

ஷாரோனுக்குச் சிரிப்பு வரவில்லை. படுத்துக் கிடப்பவளுக்கு ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது. சந்திரவல்லியின் நகத்தை அழுத்திவிட்டு விரலை எடுத்தாள். வெளுத்த இடத்துக்கு ரத்தம் மனசில்லாமல் திரும்பியது. பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது.

"ஒண்ணுக்குப் போனாங்களா?"

"காலையிலருந்து இல்லையே."

சேலையை விலக்கினாள். கெண்டைக்காலில் அட்டை கடித்த இடம், மேலே சுண்ணாம்பு. அதைச் சுற்றி முழங்கால் வரை சிவந்த வீக்கம்.

காய்ச்சல் விடவில்லை. எதிர்த்து நின்ற உடம்பு தளர்ந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரம் தான் ரசித்தது, கிருமி ரத்தத்தில் பரவி, செப்சிஸில் தடுமாறும் ஒரு மூளையின் பேச்சை.

"டாக்டர், செப்சிஸ் மாதிரி தெரியுது! வெரசா வாங்க!"

டாக்டர் ஓடி வந்தார். ஆக்சிஜன் வைத்தார்கள், மூத்திரக் குழாய் செருகினார்கள். கிருமி எதுவென்று பார்க்க ரத்தம் எடுத்த கையோடு, கிருமியைக் கொல்லும் மருந்து நரம்பில் ஏறியது. சலைன் வேகமாக இறங்கியது.

"மேகம் போகுது ஆத்தா. நானும் போறேன்."

"அது போகட்டும்க்கா. நீங்க இங்கயே இருங்க."

அந்தக் குளிர்ந்த கையை விடாமல் பிரஷரைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். வெயில் சாய்ந்தபோது அது மெல்ல ஏறியது. மூத்திரப் பையில் சொட்டு விழத் தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்சும் வந்து நின்றது.

ஸ்ட்ரெச்சரில் மாற்றும்போது சந்திரவல்லி கண் திறந்தாள். "யாருடி நீ? எங் கைய இப்படிக் குத்தி வச்சிருக்க! யோவ், வேடிக்கையா பாக்குற?"

"திட்டுறா சிஸ்டர்!" சுருளிவேல் அழுதான்.

ஷாரோனுக்கு ஒரு கணம் எதையோ பறிகொடுத்தது போலிருந்தது. பிறகு சலைன் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தபடி, அவள் வசவைக் கேட்டுக்கொண்டே ஆம்புலன்சில் ஏறினாள்.