கணவாய்க்கு ஓர் ஆள்

நீல் கரண்டியில் ஊட்டிய டீயை, படுக்கையில் கிடந்த எட்வின் நாக்காலேயே தள்ளிவிட்டார்.

"மணி ஆறரை. இன்னும் இங்க என்னடா பண்றே?"

"அப்பா, இன்னைக்கு வேற யாராவது..."

"வேற யாரு? ஏழு பண்ணைக்காரனும் அவனவன் இடத்துல நிப்பான். கணவாய்ல ஆள் இல்லேன்னா அத்தனை ஆடும் அந்தப் பக்கம் இறங்கிடும். போடா."

ரோமம் கத்தரிக்க மலையில் மேயும் செம்மறி ஆடுகளை எல்லோருமாகச் சேர்ந்து இறக்கும் நாள் அது. கணவாய் நாற்பது வருஷமாக எட்வினுடைய இடம். மகனை ஒருநாள்கூட அங்கே நிற்க விட்டதில்லை. "நீ வேடிக்கை பாத்துட்டு நிப்பே" என்பார். கடைசியில் விடுவதும் இன்றைக்கா என்று நீலுக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவின் கடைசி மூச்சின்போது பக்கத்தில் இருக்க வேண்டும், அவனுக்கு அவ்வளவுதான்.

வாசலில் அம்மா டாரத்தி அவன் கோட்டுப் பையில் ரொட்டியைத் திணித்தாள்.

"மேல போன் எடுக்காது. ஏதாச்சும் ஆயிட்டா மாடி ஜன்னல் வெள்ளைத் திரையை மூடிடறேன்."

சாவு விழுந்த வீட்டில் திரையை மூடுவது இங்கிலாந்தில் எங்கள் ஏரி மாவட்டத்து வழக்கம். சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கணவாயிலிருந்து வீடு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. மாடி ஜன்னல் கறுப்பாக இருந்தது, திரை திறந்துதான் இருக்கிறது. ஓடினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். இரண்டு முறை எழுந்தான், இரண்டு முறையும் உட்கார்ந்தான். கூட வந்த ஆட்டு நாய் அவனையே பார்த்தது.

பதினோரு மணிக்கு, மலையேற வந்த ஒரு தம்பதி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள்.

"தம்பி, எங்களை ஒரு போட்டோ எடுங்களேன். அந்த வெள்ளை வீடும் விழணும்."

"அது எங்க வீடுதான்."

"தேசியப் பூங்காவுக்குள்ளேயே வீடா! என்ன புண்ணியம் பண்ணீங்களோ!" என்றார் கணவர்.

நீல் ஒன்று எடுத்தான்.

"ஐயோ, முடி மூஞ்சியில பறக்குது. இன்னொண்ணு எடுங்க" என்றாள் அந்த அம்மாள்.

மறுபடி போனைத் தூக்கினான். அவர்களுடைய தோள்களுக்கு நடுவே, மாடி ஜன்னல் வெள்ளையாக இருந்தது.

"எடுத்தாச்சா?"

"இருங்க."

எடுத்துக் கொடுத்தான். அவள் பார்த்துச் சிரித்தாள். "இதுதான் நல்லா வந்திருக்கு. வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்க!"

அவர்கள் அந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள். கீழேயிருந்து பக்கத்துப் பண்ணை டென்னிஸ் கத்தினான். "நீல்! வருதுடா!"

இப்போது அவன் ஓடினாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. நீல் கணவாயின் நடுவில் போய்க் கைகளை அகல விரித்து நின்றான். முதல் ஆடு நின்று அவனைப் பார்த்தது. பிறகு திரும்பியது. மற்றவை அதன் பின்னால் இறங்கின.

வெகுநேரம் கழித்து டென்னிஸ் மேலே ஏறி வந்தான். வீட்டுப் பக்கம் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"ஒண்ணுகூடத் தாண்டலைடா, எல்லாம் இறங்கிடுச்சு" என்றான். "கையைக் கீழ போடு."