இல்லை என்பதற்குச் சாட்சி

ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் ஒன்றரை மணிக்கு ருமேனியாவிலிருந்து நிரஞ்சனின் அழைப்பு வரும். அங்கே இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலையில் அவனுக்கு ஞாயிறும் வேலை நாள்தான். இடைவேளை இருபது நிமிடம். அதில் பதினைந்து நிமிடம் பிட்கொயினுக்குப் போய்விடும். மிச்சம் இருந்தால் பெண்சாதிக்கு.

கிருஷாந்தி போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டுக் கதவோரம் உட்கார்ந்திருப்பாள். பக்கத்துக் காம்பராவில் குடும்பத்தோடு குடியிருக்கும் நிரஞ்சனின் அண்ணன் கஜேந்திரன் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வான். தலவாக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வர்த்தகப் பாடம் படிப்பிக்கிறவன் அவன். றொசல்லைக்கு மேலே இருந்த அவர்களுடைய தேயிலைத் தோட்டத்து டிவிசனில், லயத்து வரிசை வீடுகளிலிருந்து வாத்தியார் வேலைக்குப் போன முதல் ஆள்.

"அரசாங்கம் பின்னால நிக்காத காசு ஒரு காசாடா?" என்று தொடங்குவான். "இன்னைக்கு நூறு, நாளைக்கு அறுவது. மத்திய வங்கியே ஒத்துக்கிடல. எவனாச்சும் புடுங்கிட்டுப் போனா எந்தப் பொலிசுல போயி சொல்லுவ?"

"அரசாங்கம் பின்னால நின்ன காசுக்கு என்னாச்சுண்ணே? அப்பாவோட ஈ.பி.எப். காசு என்னாச்சு?"

அவர்களுடைய அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருசம் உழைத்தவர். தோட்டத்துப் பதிவில் செல்லசாமி, அடையாள அட்டையில் செல்லையா. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க இரண்டு வருசம் ஒவ்வொரு ஆபிசாக ஏறி இறங்கினார். அந்தச் சேமலாப நிதிக் காசு கைக்கு வந்தபோது இரண்டாயிரத்து இருபத்திரண்டு. ரூபாய் விழுந்து, அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போயிருந்த சமயம். அடுத்த வருசம் அவரும் போய்விட்டார்.

"பெரிய கிளாக்கர் முன்னால அப்பா தலத்துண்ட கழட்டி கக்கத்துல வச்சிக்கிட்டு நின்னத நீயும்தானே பாத்த? இதுல ஒருத்தன் கையெழுத்தும் வேணாம். நீ யாரு, ஒங்கப்பன் யாருன்னு எவனும் கேக்க மாட்டான். அதுதாண்ணே சுதந்திரம்."

"அந்தச் சுதந்திரத்தக் குடுத்து ஒரு றாத்தல் பாண் வாங்கிக் காட்டு, பாப்போம்."

இப்படியே போகும். கடைசியில் "கிருஷாந்தி எங்க?" என்பான் நிரஞ்சன். சாப்பிட்டியா, காய்ச்சல் விட்டுச்சா, சரி வைக்கிறேன். கல்யாணம் முடிந்த ஐந்து வருசத்தில் மூன்றரை வருசம் அவர்களுக்கு இப்படித்தான் போனது. பிட்கொயினைப் பற்றி அவளுக்கென்று ஓர் அபிப்பிராயமும் கிடையாது. தன்னுடைய பதினைந்து நிமிடத்தைத் தின்கிற ஒன்று என்ற அளவில்தான் அவளுக்கு அதைத் தெரியும்.

கடைசியாக விடுமுறையில் வந்திருந்தபோது அவன் பன்னிரண்டு இங்கிலீசுச் சொற்களை அவளுக்குப் பாடமாக்கிவிட்டுப் போனான். வரிசை மாறக்கூடாது, எங்கேயும் எழுதி வைக்கக்கூடாது. அந்தச் சொற்களைப் போட்டால் எந்தப் போனிலும் அவனுடைய கணக்கு திறக்கும் என்றான். அவள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், கொழுந்து பறிக்கப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள். நாள் முழுக்கப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற வாய். இரண்டே நாளில் பாடமாகிவிட்டது.

"எவ்வளவு இருக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

"நமக்குப் போதுமான அளவு இருக்கு" என்றான்.

மாசி மாதம் ஒருநாள், விடுதியில் படுத்தவன் எழும்பவில்லை. மாரடைப்பு என்று கடிதத்தில் இருந்தது. வயது முப்பத்து நாலு. பதினெட்டாம் நாள் பிரேதப் பெட்டி வந்தது. அவனுடைய போன் வரவில்லை.

"அழுதுரு புள்ள, நெஞ்ச அடைச்சிரும்" என்று லயத்துப் பெண்கள் அவள் முதுகைத் தடவினார்கள். அவளும் முயன்று பார்த்தாள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவது போலிருக்கும். அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. கருமாதி முடிந்த மறுநாளே வேலைக்குப் போனாள். பால் ஆற்றினாள், மூக்குத் துடைத்தாள், தொட்டில் ஆட்டினாள். குழந்தைகள் அவளிடம் ஒரு வித்தியாசமும் காணவில்லை.

அந்த வாரமே கஜேந்திரன் வாசலில் வந்து நின்றான்.

"தம்பி ஒன்கிட்ட அந்தப் பிட்கொயின் விசயமா ஏதாச்சும் சொல்லிட்டுப் போனானா?"

"பன்னெண்டு சொல்லு சொல்லித் தந்தாருங்க, மச்சான்."

கஜேந்திரன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் வேறு ஆளாகிவிட்டான். தினமும் பஸ்சில் போனில் விலை பார்ப்பான். இரவல் வாங்கிப் புத்தகம் படித்தான். நிரஞ்சன் பேசியதையெல்லாம் இப்போது அவன் பேசினான். ரூபாயை அச்சடிக்க அச்சடிக்க மதிப்புக் குறையும், இதை அச்சடிக்க முடியாது என்று தன் அம்மா பேச்சியம்மாவுக்கே விளங்கப்படுத்தினான். பேச்சியம்மா வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டிருந்தாள்.

ஹட்டன் பஜாரில் போன் கடை வைத்திருக்கும் கோகுலராஜ், நிரஞ்சனோடு ஒரே வகுப்பில் படித்தவன். பிட்கொயினை நிரஞ்சனுக்கு முதலில் அறிமுகப்படுத்தியவனே அவன்தான். அவனோ இப்போது விற்றுவிடச் சொன்னான்.

"வெல எறங்கிக்கிட்டே இருக்கு, தங்கச்சி. நாளைக்கு அரசாங்கம் ஒரு சட்டம் போட்டா, இந்தக் காசு எங்க இருந்து வந்திச்சுன்னு பேங்குல ஒங்களத்தான் கேப்பாங்க. வித்து ஒரு கைப்புடி மண்ண வாங்கிப் போடுங்க."

"இப்ப விக்கிறவன் மடையன்" என்றான் கஜேந்திரன்.

ஒரு மாதத்துக்கு மேலாக இந்த வாதம் ஓடியது. திறந்து பார்க்கவும் கஜேந்திரன் விடவில்லை. சொற்களை ஒரு போனில் போட்டுவிட்டால் எவனாவது களவாடிவிடுவான்; விற்கிற அன்றைக்குத்தான் திறக்க வேண்டும் என்றான். அதற்குள் ஹட்டனில் ஒரு துண்டுக் காணியையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். கிணறு எங்கே, வாசல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவனுக்கும் அவன் மனைவி வினோதாவுக்கும் இடையில் முடிவாகிவிட்டது. கிருஷாந்தியைக் கேட்டபோதெல்லாம் "ஒங்க இஷ்டம் மச்சான்" என்றாள். உண்மையாகவே அவளுக்கு அதில் ஓர் இஷ்டமும் இருக்கவில்லை.

காணிக்காரர் வேறு ஆள் வருகிறது என்று அவசரப்படுத்தியதால், சித்திரை வருசப் பிறப்பு கழிந்த ஒரு சனிக்கிழமை மூவரும் கோகுலராஜின் கடையில் கூடினார்கள். கோகுலராஜ் சட்டரைப் பாதி இறக்கிவிட்டு, புதுப் போன் ஒன்றை அவள் கையில் கொடுத்தான்.

"நீங்களே போடுங்க தங்கச்சி. நாங்க பாக்கல."

இரண்டு ஆண்களும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். அவள் ஒவ்வோர் எழுத்தாகப் போட்டாள். ஏழாவது சொல்லில் மட்டும் ஓர் எழுத்துப் பிழைத்துத் திருத்தினாள். போன் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்துவிட்டுத் திறந்தது.

"அண்ணே, இதப் பாருங்க. சைபர்னு காட்டுது."

கோகுலராஜ் வாங்கிப் பார்த்தான். கீழே தள்ளினான். மூன்று வருசமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்தவை வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, வெளியே போனது ஒன்று. மொத்தமும் ஒரே தடவையில் போயிருந்தது. தேதி நவம்பர் முப்பது.

அந்தத் தேதி அவளுக்குத் தெரியும். கார்த்திகைப் புயல் மழையில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, இவர்களுடைய காம்பராவின் பின்சுவரையும் கஜேந்திரனுடைய காம்பராவின் பின்சுவரையும் சேர்த்துத் தள்ளிய மூன்றாம் நாள். எல்லோரும் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் அவளுடைய பேங்குக் கணக்குக்குக் காசு வந்தது. கம்பனியில் அட்வான்ஸ் வாங்கினேன், ரெண்டு வீட்டையும் கட்டுங்க என்றான் நிரஞ்சன். அந்தக் காசில்தான் கல் வந்தது, சீமெந்து வந்தது, கூரைத் தகரம் வந்தது. தைப் பொங்கலுக்கு முன்னரே இரண்டு குடும்பமும் திரும்பிப் போனது.

எல்லோரும் வீடு திரும்பிய பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் சீனி டின்னில் சாய்ந்துகொண்டு அவன் அண்ணனோடு வாதாடினான். "ஒரு துண்டு கூட விக்க மாட்டேண்ணே, நீ பாரேன்" என்று சிரித்தது அவளுக்கு நினைவு வந்தது. கையில் ஒன்றும் இல்லாமல் ஏன் அப்படிப் பேசிக்கொண்டிருந்தான் என்று யோசித்தாள். அண்ணனிடம் தோற்றுப்போக வெட்கமா, இல்லை அந்தப் பேச்சே அவனுக்கு வேண்டியிருந்ததா? இதற்காவது அழுகை வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள்.

"இது வேற கணக்கு" என்றான் கஜேந்திரன். "பெரிய கணக்கு வேற எங்கயோ இருக்கும்."

"மச்சான், பின்சுவரும் தகரமும் இந்தக் காசுலதான் வந்திருக்கு. தேதியப் பாருங்க."

"அது கம்பனி அட்வான்ஸ்னு அவன் வாயாலயே சொன்னானே."

"சொன்னாருதான்."

கஜேந்திரன் கோகுலராஜின் பக்கம் திரும்பினான். "தம்பிகிட்ட வேற கணக்கு இருந்திருக்க முடியாதா? நீ சொல்லு."

கோகுலராஜ் போனைக் கீழே வைத்தான். "இருந்திருக்கலாம்ண்ணே. எத்தன வேணும்னாலும் தொறக்கலாம். பேரு ஊரு கேக்காதே."

"அப்ப இல்லேன்னு யாரு சொல்றது? பேங்குன்னா ஒரு கடுதாசி குடுப்பான்."

"இதுக்கு யாரும் குடுக்க மாட்டாங்க. ஆபிசே கெடையாது."

கஜேந்திரன் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கிருஷாந்தியைப் பார்த்தான். அது என்ன பார்வை என்று அவளுக்கு உடனே விளங்கியது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. என்ன சொன்னாலும் அதற்கும் ஒரு சாட்சி கேட்பான் என்றும் தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு சட்டருக்குக் கீழே குனிந்து வெளியே வந்தாள்.

திரும்பும் பஸ்சில் அவன் முன்னால் நின்றான், அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. ஒருநாள் வேலை விட்டு வந்தபோது அவளுடைய பெட்டியில் சேலைகள் வேறு மாதிரி மடிந்திருந்தன, வினோதாவின் மடிப்பு. அவள் அவற்றை மறுபடி மடித்து வைத்தாள். கதை மெல்ல மெல்லத் தோட்டம் முழுக்கப் போனது. புருசன் கோடிக்கணக்கில் விட்டுப் போயிருக்கிறான், இந்தப் பெண் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்று. அவள் அழாததற்கும் ஊர் இப்போது ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. பிள்ளை மடுவத்துக்குக் குழந்தையை விட வந்த மீனம்மா, குழந்தையை இறக்கிவிட்டும் போகாமல் நின்றாள்.

"அக்கா, மூத்தவளுக்கு கொழும்புல வேல ஒன்னு கெடச்சிருக்கு. கையில ஒன்னுமில்ல. ஒங்களால முடிஞ்சா..."

"எங்கிட்ட இல்ல மீனம்மா."

"சரிங்கக்கா" என்று மீனம்மா சிரித்தாள். எல்லோரும் அப்படித்தான் சிரித்தார்கள். முதல் நாலைந்து பேருக்குக் கிருஷாந்தி விவரம் சொன்னாள். பிறகு வெறுமனே "இல்ல" என்றாள். பிறகு அதையும் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

கஜேந்திரன் ருமேனியக் கம்பனிக்கு இங்கிலீசில் கடிதம் எழுதியிருந்தான். அது அவளுக்குத் தெரியாது. வைகாசிக் கடைசியில் பதில் வந்தது. ஒரு காலை அவள் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவன் பல் விளக்கிக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றான்.

"கம்பனியில அட்வான்ஸ் ஒன்னும் குடுக்கலயாம்."

"ம்."

"எழுதியிருக்கான்."

"சரிங்க மச்சான்."

அவன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "அதுக்காக, வேற கணக்கு இல்லேன்னு ஆயிராது" என்றான் மெதுவாக. தனக்கே சொல்லிக்கொள்வது போல. பிறகு, ஸ்கூல் பஸ்சுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். அவன் முகத்தில் கோபம் இருக்கவில்லை. காணியை வேறு ஆள் வாங்கிவிட்டதாக வினோதா பிறகு சொன்னாள்.

இறம்பொடையில் கிருஷாந்தியின் அம்மா அன்னம்மா இருந்தாள். அங்கேயும் ஒரு பிள்ளை மடுவத்தில் ஆள் தேவை என்று தகவல் வந்தது. ஆனி மாதம் முதல் வாரத்தில் அவள் புறப்பட்டாள். கஜேந்திரன் வேலைக்குப் போயிருந்தான். வினோதா கதவுக்குள்ளிருந்தே "போய்ட்டு வாங்க" என்றாள்.

பேச்சியம்மா மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு மெயின் றோட்டுக்கு இறங்கி வந்தாள். வாகனங்கள் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு பனிக்குள் வந்தன. இறம்பொடைக்குப் போக முதலில் ஏற வேண்டிய ஹட்டன் பஸ் தூரத்தில் ஹோர்ன் அடித்தபோது, பேச்சியம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

"நெசமாவே இல்லயா புள்ள?"

"இல்லங்க அத்த. செவுத்துலயும் கூரையிலயும் போயிருச்சு."

"சரி." பேச்சியம்மா பையை அவள் கையில் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இருந்தாலும் எங்கிட்ட சொல்லாத. ஒங்கிட்டயே பத்தரமா இருக்கட்டும். எம் மகன் ஒனக்குத்தானே குடுத்தான்."

கிருஷாந்தி அவளைப் பார்த்தாள். அந்த முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை, பிரியம்தான் இருந்தது. அத்தையும் நம்பவில்லை என்பது அவளுக்கு ஒரு தகவல் போல வந்து சேர்ந்தது, மழை வரும் என்று யாரோ சொன்னது போல. குனிந்து அத்தையின் காலைத் தொட்டுவிட்டு பஸ்சில் ஏறினாள்.

பேச்சியம்மா பஸ் வளைவில் திரும்பும்வரை றோட்டோரம் நின்றாள். ஜன்னல் பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. கிருஷாந்தி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, கண்டக்டரிடம் ஹட்டனுக்கு ஒரு டிக்கட் கேட்டாள்.