கை தட்ட மறந்த இடம்

பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் அறை, நூலகத்தின் மாடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மனைவி அங்கே போய் வாசித்துக்கொண்டிருந்தாள். காசா பணமா, ஊருக்கு உழைக்கக் கிளம்பிவிட்டாள் என்று நான் முணுமுணுப்பேன். நான் பைக் மெக்கானிக். இருக்கிற ஒரே விடுமுறையில் பாப்பாவை என் தலையில் கட்டிவிட்டு அவள் போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

இப்போது அதே மாடிக்கு, கெஞ்சிக் கேட்கும் முடிவோடு ஏறிக்கொண்டிருந்தேன்.

தொண்டையில் புற்றுநோய் வந்து அவளுடைய குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் வைத்து அழுத்திப் பேச ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் மாதிரி இருக்கும். அதிலிருந்து வருவது ஏற்ற இறக்கமில்லாத இரைச்சல். வீட்டுக்கு வந்த அன்று அதைக் கழுத்தில் வைத்து ஆசையாகப் பாப்பாவைக் கூப்பிட்டாள். மூன்று வயதுப் பிள்ளை வீலென்று அலறி என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. "இது அம்மா இல்ல" என்றது. கருவி அலமாரிக்குள் போனது. போனில் அவள் குரல் இருந்த வீடியோக்களையெல்லாம் ஒன்றுவிடாமல் அழித்தாள். தடுக்கப் போனேன். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு பாப்பா அவளிடம் போகவில்லை, அவளும் கூப்பிடவில்லை.

அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழைய குரலைக் கேட்க வைத்தால், அவள்தான் இவள் என்று பிள்ளைக்குப் புரியும். இதுதான் நான் போட்ட கணக்கு.

பதிவறையைப் பார்த்துக்கொள்கிறவரை அவள் ஹெட்போன் அண்ணன் என்பாள். விஷயத்தைச் சொன்னதும் அவர் பரபரவென்று கம்ப்யூட்டரைத் திறந்தார். அவள் வாசித்தது பிசியோதெரபி படிப்பவர்களுக்கான பாடப்புத்தகம். அவள் குரல் வந்தது.

"தோள்பட்டை மூட்டு, பந்துக்கிண்ண மூட்டு வகையைச் சேர்ந்தது..."

எங்கே தொட்டாலும் இதே கதைதான். இடுப்பெலும்பு, முழங்கால், முதுகுத்தண்டு.

"அவ சாதாரணமா பேசினது ஏதாவது இருக்காண்ணே? சிரிச்சது, இருமினது, எதுன்னாலும் பரவாயில்ல."

"வாசிக்கும்போது தப்பு வந்தா அவங்க ரெண்டு தடவை கை தட்டணும் தம்பி. அதுதான் எனக்கு அடையாளம். அந்த இடத்தை வெட்டிடுவேன். சிரிச்சாலும் அப்படித்தான். தங்கச்சி கரெக்டா தட்டிடும்."

"வெட்டினதெல்லாம் எங்க?"

"அதை யாரு வெச்சிருப்பா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "முடி வெட்டச் சொன்னா தலையையே வெட்டி எறிஞ்சிருக்கீங்க." பாவம், அவர் என்ன செய்வார்? கோபத்துக்கு ஆள் வேண்டியிருந்தது, அவர் கிடைத்தார்.

மூலையில் உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் காதிலிருந்ததைக் கழற்றினார். பார்வையில்லாதவர். இதே புத்தகத்தைக் கேட்டுப் படித்துத் தேறி, ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாராம்.

"ஒன்பதாவது பாடத்துல ஒரு இடம் இருக்கு சார்" என்றார். "அன்னிக்கு அவங்க கை தட்ட மறந்துட்டாங்க போல."

ஹெட்போன் அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தப்பு இருந்தா சொல்லணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"சொன்னா வெட்டிடுவீங்களே" என்றார் அவர். "நான் ஹாஸ்டல்ல தனியா கிடந்து படிச்சவன். தலை வெடிக்கிற மாதிரி இருந்தா அந்த இடத்தைப் போட்டுக் கேப்பேன். பக்கத்து ரூம்ல வீட்டு ஆளுங்க இருக்கிற மாதிரி இருக்கும். அப்புறம்தான் படிப்பு ஏறும்."

என் வீட்டுச் சத்தம் இன்னொருத்தருக்குத் துணையாக இருந்திருக்கிறது. கேட்க எனக்கு வெட்கமாகவும் பொறாமையாகவும் இருந்தது.

அந்த இடத்தைப் போட்டார்கள். தசைகளைப் பற்றி வாசித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "வாசிச்சிட்டு இருக்கேன்னு சொன்னேன்ல, எதுக்கு சும்மா சும்மா போன் பண்றீங்க? அழறாளா? குடுங்க அவகிட்ட... தங்கம், அம்மா இதோ வந்துடுவேன்டி. அழக் கூடாது. அப்பா மீசையைப் புடிச்சு நல்லா இழு." ஒரு சிரிப்பு. பிறகு, "தோளைச் சுழற்றும் தசைகள் நான்கு..."

அந்த மீசையைத் துடைத்துக்கொண்டேன், ஈரமாகியிருந்தது.

அதை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திட்டினாலும் பரவாயில்லை என்று பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போட்டுவிட்டேன்.

மனைவியின் கை அப்படியே நின்றது. போனைப் பிடுங்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பிடுங்கவில்லை. பாப்பா போனை இரண்டு கையாலும் பிடித்துக் காதில் வைத்துக்கொண்டாள். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னாள். மறுபடி போட்டேன்.

"எப்பம்மா வருவ?" என்று போனிடம் கேட்டாள்.

என் மனைவி எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். கருவியை எடுத்துக்கொண்டு வந்து பாப்பாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். கழுத்தில் வைத்தாள்.

"வந்துட்டேன்டி தங்கம்."

பாப்பா இந்த முறை அலறவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"சத்தம் போடாத" என்றாள் அவளிடம். "எங்கம்மா பேசறாங்க."