ஒன்பது வருடம் கழித்து அப்பா வந்தார்

மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு ஃபிரேமுக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தேன். கையில் பெட்டியோடு அப்பா உள்ளே வந்தார். கடவுள்மேல் நம்பிக்கை போய்விட்டது, இனி வழிபாட்டுக்கு வரமாட்டேன் என்று ஒன்பது வருடங்களுக்கு முன் நான் சொன்ன அன்றே என்னை வீட்டைவிட்டுத் துரத்தியவர். அதன்பிறகு என் முகத்தில் விழித்ததே இல்லை.

"நானும் விட்டுட்டேன்டா," என்றார்.

"எதைப்பா?"

"சாமி, வழிபாடு, எல்லாத்தையும். ஒரு வருஷமா வாய்தான் முணுமுணுத்துச்சு. நேத்து வீட்ல சொல்லிட்டேன். உங்கண்ணன் பெட்டியைத் தூக்கி வாசல்ல வச்சுட்டான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சந்தோஷப்படுவதற்குப் பதில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப என்னை எதுக்குத் துரத்துனீங்க?"

"அன்னிக்கு நிஜமாவே நம்புனேன்டா. நீ நாசமாப் போயிடுவேன்னு பயந்தேன்."

ஒன்பது வருடமாக மனதுக்குள் நான் சண்டை போட்டுவந்த அந்த ஆள் இப்போது எங்கேயுமே இல்லை. எதிரே நின்றவர் பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தயங்கிக்கொண்டிருந்தார். முதலாளியிடம் சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

என் அறைக்கு நடக்கும் வழியில் அப்பா மெதுவாகக் கேட்டார்: "தனியா எப்படிடா சமாளிச்ச?"

அவர் கையைப் பிடித்துச் சாலையைக் கடந்தேன்.