விசாரணை வேணாங்கம்மா

கூண்டில் ஏறும் முன் வரதன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். யாரும் கழற்றச் சொல்லவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி காசியம்மாள் அதைப் பார்த்தாள்.

கடலோரத்து விடுதி ஒன்றில் அவனுக்குத் தோட்ட வேலை. அங்கே தண்ணீர் மோட்டார் காணாமல் போனது. ஷெட் சாவி இவனிடம் இருந்தது. கேஸ் இவன் தலையில் விழுந்தது. அன்று முழுக்க அவன் காய்ச்சலில் கிடந்த மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தான். அங்கே தேதி போட்டுக் கொடுத்த சீட்டை எட்டு மாதமாக மடிப்புக் கலையாமல் வைத்திருந்து, இன்று காசியம்மாள் பையில் கொண்டுவந்திருந்தாள். சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டு வரும் பஸ்ஸில், வக்கீலைப் பார்க்கலாமா என்று அவள் கேட்டதற்கு, "எட்த்திருந்தாதான வக்கீலு? சீட்டுதான் கீதே, காட்டிட்டு மதியத்துக்குள்ள வூட்டுக்குப் போயிடலாம்" என்றான்.

நீதிபதி பொறுமையான பெண்மணி. அரசாங்கமே இலவசமாக வக்கீல் வைக்கும், வேண்டுமா என்று கேட்டார். உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று கும்பிட்டான். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டிவிட்டு, நிமிர்ந்து பார்த்தார்.

"குற்றத்த ஒத்துக்கிறீங்களா? இல்ல, விசாரணை வேணுமா?"

வரதனின் கை கூண்டுக் கட்டையை இறுகப் பிடித்தது. விசாரணை அவனுக்குத் தெரியும். ஸ்டேஷனில் மூன்று நாள் நடந்ததே, அதற்குப் பெயர் அதுதான். இன்னமும் இடது காலை ஊன்றி அவனால் குந்த முடியாது.

"விசாரணை வேணாங்கம்மா."

"அப்ப ஒத்துக்கிறீங்க. யாராவது பயமுறுத்தினாங்களா?"

வாசலருகே நின்ற காக்கிச் சட்டையை ஒரு பார்வை பார்த்தான். "இல்லீங்கம்மா. ஒத்துக்கறேன். அது மட்டும் வேணாம்."

காசியம்மாள் சீட்டோடு எழுந்தாள். உட்காரும்மா என்று பின்னாலிருந்து ஒரு கை தோளை அழுத்தியது. டைப் அடிக்கும் சத்தம் நிற்கவேயில்லை. ஆறு மாதம் ஜெயில்.

வராந்தாவில் அவள் அழுவதைப் பார்த்து ஒரு வக்கீலம்மா நின்றார். ஜோதிலட்சுமி என்று பெயர் சொன்னார். நடந்ததைக் கேட்டுவிட்டு, சீட்டை வாங்கிப் படித்தார்.

"இந்தச் சீட்ட காட்டி, சாட்சியக் கூப்ட்டுக் கேக்கறதுக்குப் பேருதாம்மா இங்க விசாரணை. அதைத்தான் உன் வூட்டுக்காரு வேணாம்னுட்டாரு."

ஒத்துக்கொண்ட பிறகு அப்பீல் போனாலும் தண்டனையைக் குறைக்கத்தான் கேட்கலாம், மற்றது கஷ்டம் என்றார். மனு எழுதித் தருகிறேன், நாளைக்கு வா என்றார்.

கீழே அவனை வேனில் ஏற்றியிருந்தார்கள். கம்பி வலைக்குப் பின்னால் வரதனின் முகம் எட்டு மாதத்தில் இல்லாத தெளிவோடு இருந்தது.

"நல்ல ஜட்ஜம்மா, காசி. ஒரு அடி இல்லாம முட்ச்சி வுட்டாங்க. இன்னாத்துக்கு அழுவுற?"

சொல்ல வாயெடுத்தாள். பசிக்கிறதா என்று கேட்டாள்.

காலையில் வாங்கிய பன் பையில் இருந்தது. வலைக்கண்ணில் அது நுழையவில்லை. விரல்நுனி அளவுக்குப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளினாள். அவன் குனிந்து உதட்டாலேயே வாங்கிக்கொண்டான். வேன் மெல்ல நகர்ந்தது. அவளும் கூடவே நடந்தபடி, அடுத்த துண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.